வெளிர் இலை

மோல்மேன் பாக்கு மண்டியில்
முதல் நாள் தராசுக்குப் பின்னால் நின்றபோது
எனக்கு இருபத்தெட்டு.
டவாயிலிருந்து வந்த வியாபாரிகள்
கல்லைப் பார்க்கவில்லை, முள்ளைப் பார்க்கவில்லை,
என்னைப் பார்த்தார்கள்.
ஒரு கருஞ்சுருட்டை எடுத்துப் பற்றவைத்தேன்.
கண்ணில் முட்டிய நீரை
மிளகாய் மூட்டைமேல் பழி போட்டுத் துடைத்துக்கொண்டேன்.
வீசைக்கு வீசை சரியாக நிறுத்தேன்.
அன்றிலிருந்து டோ த்வே.
குஞ்சரம் என்ற பெயர்
குடும்பச் சீட்டில் மட்டும்.

வெளிர் இலைச் சுருட்டு பிடிக்கிறவர்களை
நான் விட்டுவைத்ததில்லை.
கணக்கர் தீன் லின் பாவம்,
பச்சையா மஞ்சளா என்று தெரியாத
அந்த ஒல்லிச் சுருட்டை விரலிடுக்கில் வைத்தபடியே
கூட்டல் போடுவார்.
'என்ன, கீரைத்தண்டா?' என்பேன், தமிழில்.
தமிழ் தெரிந்த சுமைக்காரர்கள் சிரிப்பார்கள்.
அவர் அடுத்த வரியைக் கூட்டுவார்.

பர்மியத்தில் புகையிலைக்கும் மருந்துக்கும்
ஒரே சொல்தான்: செ.
லேசானதற்கும் உப்பு போதாததற்கும்
ஒரே சொல்தான்: போ.
செபோலெய் என்று கடைக்காரி கூவினால்
உப்பில்லாத மருந்து என்றுதான் எனக்குக் கேட்கும்.

போன ஆடியில் காய்ச்சல்.
பதினோரு நாள்.
எழுந்து உட்கார்ந்தால்
நாக்கை யாரோ மாற்றி வைத்திருந்தார்கள்.
ஙப்பி கைத்தது. ரசத்தில் புளி அதட்டியது.
கருஞ்சுருட்டில்
லாரி டயர் எரிகிற வாசம்.
இரண்டு இழுப்பு, அணைத்துவிட்டேன்.
முப்பது வருஷப் பழக்கம்
இப்படியா சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பும்?
சாவுதான் வருகிறது என்று நினைத்தேன்.
பிறகு, சாவுக்கு எதற்கு என் நாக்கு என்று
குடையை எடுத்துக்கொண்டு மண்டிக்குப் போனேன்.

மழை தகரத்தை அறைந்துகொண்டிருந்தது.
லாரி வரவில்லை. ஆள் இல்லை.
தீன் லின் மேஜையில் அந்தக் கட்டு,
சிவப்பு நூல் அவிழ்ந்து.
ஒன்றை உருவினேன்.
திருட்டுத்தான். ஐம்பத்தெட்டு வயதில்.

இலை மெல்லிசு. நரம்பு தெரிகிறது.
நறுவிலி இலைதான்,
ஷான் மலையில் பறித்து
சூடு காட்டி அழுத்திக் காயவைப்பார்களாம்.
நாம் காயை ஊறுகாய் போடுகிறோம்,
அவர்கள் இலையைப் புகைக்கிறார்கள்.
ஒரே மரம், இரண்டு விதமான வாய்.

முதல் இழுப்பில் ஒன்றுமில்லை.
'அதுதான் சொன்னேனே' என்றேன்,
யாருமில்லாத மண்டியில்.
இரண்டாவதில் புளி, ஒரு துளி வெல்லம்.
மூன்றாவதில் நனைந்த மரம்.
நான்காவதில்தான் புகையிலை வந்தது,
பின்கதவு வழியாக,
தான் யாரென்று சொல்லிக்கொள்ளாமல்.
இத்தனை வருஷம்
நான் அதைப் பேசவிட்டதே இல்லை.

கொஞ்சம் மறந்தால் அணைந்துபோகிறது.
மறுபடி குச்சி, மறுபடி கன்னம் குழிய ஒரு இழுப்பு.
பொறி மட்டும் பழைய பொறிதான்:
லுங்கியில் இன்னொரு ஓட்டை.

அடியில் வடிகட்டியாகச் சுருட்டியிருந்த செய்தித்தாளைப்
பிரித்துப் பார்த்தேன்.
பாதி லாட்டரி எண்.
பாதி கல்யாண வாழ்த்து.
மாப்பிள்ளை பெயர் என் எச்சிலில் கரைந்திருந்தது.

மறுநாள் தீன் லின் கட்டை எண்ணினார்.
எண்ணாமல் இருப்பாரா, கணக்கர்.
எதுவும் கேட்கவில்லை.
என் மேஜை ஓரத்தில் ஒன்றை வைத்துவிட்டு
'கீரைத்தண்டு' என்றார்,
ழகரம் தேவைப்படாத, தெளிவான தமிழில்.
முப்பது வருஷமும்
அர்த்தம் தெரிந்துதான் கூட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

கருஞ்சுருட்டை அடியோடு விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன்.
ஒன்று இழுப்பறையில் இருக்கிறது.
டவாய்க்காரர்கள் விலை பேச வரும்போது
பற்றவைக்காமல் பல்லிடுக்கில் வைத்துக்கொள்வேன்.
வீசைக்கு நூறு கியாட்
இன்றைக்கும் இறங்குகிறார்கள்.
அவர்கள் லாரி ஏறியதும்
தீன் லின், தலையைத் தூக்காமல்,
நெருப்புப் பெட்டியை
என் பக்கம் தள்ளிவிடுகிறார்.